இரு முனையிலிருந்தும் எண்ணினால்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய தவறு சின்னதுதான். ரேடியேட்டரின் மேல் குழாயில் போடும் கிளிப்பை, அதன் திருகு எஞ்சின் பக்கம் பார்க்கும்படி வைத்து இறுக்கிவிட்டேன். இறுக்கும்போது விசிறி இல்லை. ஸ்க்ரூடிரைவர் சுலபமாக உள்ளே போனது. விசிறியை மாட்டிய பிறகு பார்த்தால், அந்தத் திருகை இனி யாராலும் தொட முடியாது. விசிறியைக் கழற்றி, கிளிப்பைத் திருப்பி, மறுபடி விசிறியை மாட்டுவதற்குள் மதியமாகிவிட்டது. அத்தான், சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து பூட்டினவள் மாதிரி இருக்கிறது என்றார்.

செய்த வேலையை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். தவறை முதலில் எழுதுவது நானே வைத்துக்கொண்ட விதி. ஆறப்போட்டால் என் தவறெல்லாம் எனக்கே நியாயமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

கார் அக்காவுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அக்காவைவிட வயதில் மூத்தது. அக்காவுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. அவளிடம் பல் வாங்கிக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஒருவர் ஓய்வுபெற்றபோது, அவர் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் எலிகளுக்குக் குடியிருப்பாகக் கிடந்ததை இவள் தலையில் கட்டினார். அக்கா முதலில் செய்த காரியம், தன்னுடைய பல் நிற அட்டையைக் கொண்டுவந்து கார் கதவில் வைத்துப் பார்த்ததுதான். "காப்பி குடிக்கிறவங்க பல்லு" என்றாள். பிறகு பெயின்ட் அடித்தபோதும் அதே நிறத்தைத்தான் அடிக்கவைத்தாள்.

இதெல்லாம் அவள் கல்யாணத்துக்கு முன்னால். அதனால் அத்தான் காரை 'மூத்தவர்' என்பார். அக்காவுக்குத் தான் இரண்டாம் தாரம், முதல் புருஷன் ஷெட்டில் இருக்கிறார் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர். டியூட்டி முடிந்து வந்ததும், "மூத்தவருக்கு இன்னிக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இத்தனை வருஷத்தில் அந்த எஞ்சினின் சத்தத்தை அக்கா ஒரு முறைகூடக் கேட்டதில்லை. வரும்போதே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கையில் நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்தாள். முன்சக்கரங்களுக்குப் புது டிஸ்க் பிரேக் வைத்தாள். எஞ்சினைப் பிரித்து மறுபடி கோக்க ஆரம்பித்தபோது வயிற்றில் பிள்ளை வந்துவிட்டது. குனிய முடியாமல் போனதும் என்னைக் கூப்பிட்டாள். நான் பகலில் பார்சல் அலுவலகத்தில் முகவரிச் சீட்டு ஒட்டுகிறேன், வாரத்தில் இரண்டு மாலை மோட்டார் பராமரிப்பு படிக்கிறேன். இங்கேயும் கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு ஒட்டுவதால் இந்த வீட்டில் என் பெயர் லேபிள்.

பிள்ளை பிறப்பதற்குள் அவர்கள் பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஷெட் இல்லை. பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவருக்கு இதைக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, மாதக் கடைசியில் வந்து எடுத்துப்போவார். அதற்குள் ஒரு தடவை, தெருமுனை வரைக்குமாவது, தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதை அவள் ஒரு முறைதான் சொன்னாள். இரண்டு முறை சொல்லக்கூடிய ஆசையாக அது இல்லை.

நாங்கள் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, ஸ்டியரிங்கைப் பார்க்கிறோம். ஞாயிறுதோறும் அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் குளியல் துண்டை மடித்துச் செருகிப் பார்ப்போம். ஜனவரியில் துண்டு தாராளமாகப் போனது. பிறகு கை துடைக்கும் சின்னத் துண்டு. இன்று கைக்குட்டை.

பிப்ரவரி 12, புதன்

தவறு என்று சொல்ல இன்று எதுவும் இல்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினேன். நான்கு சிலிண்டர்களுக்கும் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புவது அதுதான். அதற்குள்ளே தேய்ந்துபோகிற பழைய பாயின்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் பெட்டி வைக்கலாம் என்று சொன்னது நான். அக்கா ஒரு வாரம் யோசித்துத்தான் சம்மதித்தாள். பழசோடு புதுசைக் கோத்தால் சம்பந்தி சண்டைதான் என்றார் அத்தான்.

வகுப்பில் சொன்ன முறை இது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூட வேண்டும். இன்னொரு கையால் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வருவது இரண்டு விதம். ஒரு முறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு சும்மா வரும். அடுத்த முறை காற்றை நசுக்கிக்கொண்டு வரும். நசுக்கிக்கொண்டு வரும்போதுதான் பொறி விழ வேண்டும்.

ஷெட் குறுகலானது. காரின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்பதால் வலப்பக்கம் நின்றுதான் எல்லா வேலையும். இடமிருந்து எண்ணி, முதல் துளையில் விரலை வைத்தேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில், உள்ளே யாரோ மூச்சுப் பிடித்துக்கொண்டு என் விரலைத் தள்ளுவதுபோல இருந்தது. நான் அழுத்தினேன். அதுவும் அழுத்தியது. கடைசியில் 'புஸ்' என்று விரலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பெட்ரோல் இல்லை, பாட்டரி இல்லை. வெறும் இரும்பும் காற்றும். இத்தனை நாள் இதைப் பொருள்களின் கூட்டமாகத்தான் பார்த்துவந்திருக்கிறேன், சீட்டு ஒட்டிய சாமான்களாக. அப்படியே நின்றுவிட்டேன். கதவோரம் நாற்காலியில் இருந்த அக்கா என்ன ஆச்சு என்று கேட்டாள். விரலைத் தள்ளுகிறது என்றேன். அவள் சிரித்து, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கும்தான்."

அந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் முள் முதல் வயரின் வாயைப் பார்க்கும்படி வைத்து இறக்கினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

பிப்ரவரி 15, சனி

பிளக் வயர்களை மட்டும் தானே மாட்டுகிறேன் என்றாள் அக்கா. பல மாதங்களாக நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இது ஒன்றாவது தன் கையால் நடக்கட்டும் என்றாள். முக்காலியை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு, அம்மாவின் தலையணை ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு, எட்டி எட்டி மாட்டினாள். மடியில் காரின் பழைய கைப்புத்தகம். அவளுடைய விரல்களைப் பார்க்க எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். பல்லின் மேல் மயிரிழை உயரம் கூடினாலும் கடிக்கிறவருக்குத் தெரியுமாம், அந்த அளவுக்குப் பழகிய விரல்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கின் தலையில் உட்காரும்போது 'டிக்' என்று ஒரே மாதிரி சத்தம் வந்தது.

அத்தான் தீயணைக்கும் சிலிண்டரோடு நின்றார். அம்மா வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்று ஜன்னலில் நின்றாள். ஷெட் கதவு முழுக்கத் திறந்திருந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு தும்மல். அதற்கடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நெருப்பு வந்து போனது. பின்னால் புகைக்குழாய் வெடித்த வெடியில் பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் காயப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். இன்னொரு முறை திருப்பினாள். மறுபடி நெருப்பு.

அம்மா ஜன்னலிலிருந்தே, "பிள்ளை பெறப்போறவளைப் பட்டாசுக் கிடங்குல உக்காத்தி வச்சிருக்கீங்களே, உங்க ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா?" என்றாள். இரண்டு பேர் என்றது என்னையும் அத்தானையும். அக்காவைப் பற்றி அவளுக்கு எப்போதோ நம்பிக்கை போய்விட்டது.

அக்கா சாவியை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

எலெக்ட்ரானிக் பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். அதாவது என்னை. பழைய பாயின்டையே திரும்ப மாட்டினேன். அதே தும்மல், அதே நெருப்பு. பெட்டியில் கோளாறு இல்லையென்று தெரிந்ததில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஞாயிறும் திங்களும் எழுதவில்லை. பெட்ரோல் சுத்தமாக வருகிறது. நான்கு பிளக்கிலும் பொறி வருகிறது. வயர்களை அக்கா புத்தகத்தோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சரி. டிஸ்ட்ரிபியூட்டரை நான் வகுப்பு நோட்டோடு வைத்துப் பார்த்தேன். சரி. இரண்டும் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்க எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயினை ஏதோ ஒரு பல் தள்ளிக் கோத்திருக்கிறோம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினை வெளியே இறக்க வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இறக்கி, திறந்து, சரிசெய்து, ஏற்றி முடிப்பதற்குள் கார் போய்விடும். அல்லது பிள்ளை வந்துவிடும். "ஓடாமலே போகட்டும் விடு" என்றாள். பல்லைச் செய்து அனுப்புகிறவள், கடிப்பதையா போய்ப் பார்க்கிறாள் என்றும் சொன்னாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இன்று வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன். அவர் பகலில் ஆம்புலன்ஸ் பணிமனையில் வேலை செய்கிறவர், என்னைவிட ஓரிரு வயதுதான் பெரியவர். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி உமிழ்ந்தால் பொறி தப்பான நேரத்தில் விழுகிறது என்றார். முதல் சிலிண்டரை வைத்துத்தானே பொருத்தினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலை வைத்துப் பார்த்தாயா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்படியானால் செயினாகத்தான் இருக்கும் என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கு எழுத வேண்டிய தவறு பெரியது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை. அதற்கு என்ன பெயர் என்றும் தெரியவில்லை.

வகுப்பில் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். வருஷம் முழுக்கச் சுவரோடு ஒட்டி நின்ற பயிற்சி எஞ்சினை, அதன் தாங்கியோடு அறையின் நடுவுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் அதன் மறுபக்கத்தில். முதல் சிலிண்டரைத் தொட்டுக் காட்டச் சொல்லி டீச்சர் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் போய் வலது ஓரத்தில் இருந்ததைத் தொட்டார். பாவம், இத்தனை மாதம் படித்தும் இது தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் சரி என்றார்.

நான் எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஒரே பக்கம் நின்று பார்த்த எஞ்சினை, எழுத்தைப் படிப்பதுபோல, இடமிருந்து ஒன்று இரண்டு என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். விசிறி இருக்கும் பக்கம்தான் முன்பக்கம், அங்கிருந்துதான் ஒன்று. நின்று பார்க்கிறவள் இடத்துக்கும் வலத்துக்கும் அங்கே வேலையே இல்லை. ஷெட்டில் நான் நிற்பது காரின் வலப்பக்கம். அங்கே என் இடது கைப்பக்கம் இருப்பது எஞ்சினின் பின்முனை. நான் விரலை வைத்தது முதல் சிலிண்டரில் இல்லை, நான்காவதில்.

அக்கா வயர் மாட்டியது புத்தகத்தைப் பார்த்து. அவளுடைய ஒன்று முன்முனையில். என்னுடைய ஒன்று பின்முனையில். நான்காவது காற்றை நசுக்கும்போது பொறி முதலாவதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. காது சுட்டது.

திரும்பி வர ஏறிய பஸ்ஸை அத்தான்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன். தலைக்கு மேலே ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதனால் வகுப்பில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். இந்த எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் நிற்கிற வரிசையில் வெடிப்பதில்லை. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு, மறுபடி ஒன்று என்று சுற்றிச் சுற்றி வரும். அதை ஒரு வட்டத்தில் எழுதினேன். பிறகு பின்முனையிலிருந்து எண்ணினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒன்று நான்காகும், மூன்று இரண்டாகும், நான்கு ஒன்றாகும், இரண்டு மூன்றாகும். அதையும் வட்டத்தில் எழுதினேன். நான்கு, இரண்டு, ஒன்று, மூன்று.

தாளைக் கொஞ்சம் திருப்பினேன். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.

அதே வட்டம்.

நம்பவில்லை. எண்களை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அதேதான் வந்தது. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் வரிசை மாறவில்லை. முழுக்க என் எண்ணிக்கைப்படி மாட்டியிருந்தாலும் எஞ்சின் ஓடியிருக்கும், முழுக்க அக்கா எண்ணிக்கைப்படி மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும். தப்பான முனையிலிருந்து வருகிறவளுக்கும் இடம் வைத்திருக்கிறது அந்த இரும்பு. யாரும் என்னைப் போன்ற ஒருத்தியை நினைத்து இதை இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். பஸ் எத்தனையோ நிறுத்தத்தில் நின்றது, யார் யாரோ ஏறி இறங்கினார்கள். நான் அந்த இரண்டு வட்டங்களையும் பார்த்துக்கொண்டே நின்றேன். உலகத்தில் எனக்குத் தெரியாமல் இப்படிப் பொருந்திக்கொண்டிருப்பவை இன்னும் எத்தனை இருக்கும்?

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அத்தானிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கின் மேல் தாளை விரித்துவைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நீ பண்ணதும் சரி, அவ பண்ணதும் சரி. ரெண்டையும் சேர்த்தாத்தான் தப்பு."

"ஆமா அத்தான்."

"இதுக்கு எஞ்சின்னு ஏன் பேர் வச்சாங்க? குடும்பம்னு வச்சிருக்கலாம்."

பிப்ரவரி 22, சனி

இன்று ஒரு தவறும் இல்லை என்று எழுதினால் நாளைக்கு ஒன்று கிளம்பும். ஸ்பேனர் ஒன்றைக் கால்மேல் போட்டுக்கொண்டேன், அதையே கணக்கில் வைக்கிறேன்.

வியாழன் அன்றே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வட்டத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாள். பார்த்தாள். பென்சிலை வாங்கித் தானும் ஒரு முறை போட்டாள். ஒரு காலத்தில் யாரோ ஒருவர் இதை முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்திருப்பார் இல்லையா, அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா என்று கேட்டாள்.

வயர்களை இடம் மாற்றினால் போதும், நாலு நிமிஷ வேலை என்றாள். அது உண்மைதான். ஓடவும் செய்யும். ஆனால் நான் வந்த பிறகு அவள் கையால் செய்த ஒரே வேலை அந்த நான்கு வயர்தான். அதோடு, இந்தக் காரை வாங்கிப்போகிறவர் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டுதான் இதைத் திறப்பார். புத்தகத்தில் ஒன்று, காரில் ஒன்று என்றிருந்தால் நாங்கள் பட்ட பாட்டை அவரும் படுவார்.

"வயரைத் தொட வேண்டாம்க்கா" என்றேன். "நான் வச்சதை நான் எடுக்கறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எப்பவும் 'சரியா இருக்குமா, சரியா இருக்குமா'ன்னு கேப்ப. இன்னிக்குக் கேக்கலையே?"

காலையில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்தேன். அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரத் தண்டை வெளியே இழுத்து, விசிறிப் பக்கத்துத் துளையில் விரலை வைத்தேன். மறுபடி அந்த மூச்சு. இந்த முறை சரியான இடத்திலிருந்து. தண்டை அரைச் சுற்று திருப்பி இறக்கினேன். எலெக்ட்ரானிக் பெட்டியையும் திரும்ப வைத்தேன். அக்கா மாட்டிய வயர்கள் அவள் மாட்டிய வரிசையிலேயே இருந்தன.

சாவியைத் திருப்ப அக்கா உட்கார்ந்தபோது கைக்குட்டையும் போகவில்லை. ஸ்டியரிங் வயிற்றைத் தொட்டது. அவள் திருப்பினாள்.

இரண்டு சுற்றுகூட இல்லை. பிடித்துக்கொண்டது.

அதை எப்படி எழுதுவது என்று இப்போது வரை யோசிக்கிறேன். சத்தம் என்று சொன்னால் காதில் மட்டும் கேட்டது என்று ஆகிவிடும். ஷெட்டின் தகரம், அலமாரியில் இருந்த நட்டுகள், என் முழங்கால் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. முதலில் கரகரப்பாக, தூங்கி எழுந்தவர் பேசுவதுபோல. வெள்ளைப் புகை போய் முடிந்ததும் நிதானத்துக்கு வந்தது. என் ஒன்றும் அவள் ஒன்றும் இப்போது ஒரே ஒன்று. எத்தனையோ வருஷமாகப் பேசாமல் இருந்தது, பெட்டியிலும் டப்பாவிலும் சீட்டு ஒட்டிப் பிரித்துவைத்திருந்தது, ஒரே உயிராக நின்று மூச்சுவிட்டது. நான் தொட்டுக் கழுவாத ஒரு துண்டு அதில் கிடையாது. ஆனால் இதை நான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. உள்ளே இருப்பது உதைப்பதை நிறுத்திவிட்டது, கவனிக்கிறது என்றாள். அம்மா ஜன்னலிலிருந்து வாசலுக்கு வந்திருந்தாள். கையில் தோசைக்கரண்டியோ என்னவோ இருந்தது, அதைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

எஞ்சினை அணைத்த பிறகு அக்கா மெதுவாக இறங்கினாள். "கேட்டாச்சு. போதும்" என்றாள். போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று என்னிடம் சொன்னாள்.

அத்தான் சாயங்காலம் டியூட்டிக்குப் போகும் முன் என் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார். அடியில் இருந்த கட்டைகளையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, பஸ்ஸில் தான் போட்டு உட்காரும் மெல்லிய மெத்தையை விரித்து, இருக்கையைத் தாழ்த்தி வைத்து நட்டுகளை இறுக்கினார். நாள் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது. பின்னால் தள்ள இடமில்லை என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம். கீழே இறக்கலாம் என்று தோன்றவில்லை.

அக்காவை உட்காரச் சொன்னார். வயிறு ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டது. நடுவில் கைக்குட்டை என்ன, பழையபடி குளியல் துண்டே போனது.

"ஆமை மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டுத்தான் ரோட்டைப் பார்க்கணும்" என்றார். "ஆமை பத்திரமா வீடு வந்து சேர்ற பிராணி."

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தவறு: புறப்படும் பரபரப்பில் பக்கக் கண்ணாடியை நான் சரிசெய்யவில்லை. அக்காதான் பார்த்துத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவரிடம் அவள் முன்பே கேட்டுவைத்திருந்தாள். மெதுவாக, கொஞ்ச தூரம், பெல்ட் வயிற்றுக்குக் கீழே என்றால் சரி என்று சொல்லியிருந்தாராம். தெருமுனை வரை போய்த் திரும்புவது. காலையில் தெருவில் யாரும் இல்லை. அத்தான் முன்னாலேயே நடந்துபோய் முனையில் நின்றுகொண்டு, வராத வண்டிகளை எல்லாம் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

பிரேக்கை நான்கு முறை மிதித்துப் பார்த்தோம். அக்கா முதல் கியரைப் போட்டாள். ஷெட்டின் நிழலிலிருந்து கார் வெளிச்சத்துக்கு வந்தது. காப்பி குடிக்கிறவர்களின் பல் நிறத்தை வெயிலில் நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு நாள் குழல் விளக்கில் பார்த்தது வேறு ஏதோ கார்.

பக்கத்து இருக்கையில் எனக்குத் தரை அத்தனை கிட்டத்தில் இருந்தது, கையை நீட்டினால் ரோட்டைத் தொடலாம். வீடுகள் இருபுறமும் உயர்ந்து நின்றன. தினம் நடக்கிற தெருதான். ஒரு கதவு, ஒரு தொட்டிச் செடி, ஒரு சைக்கிள், எதுவும் முன்பு பார்த்ததுபோல இல்லை. இரண்டாவது கியருக்கு மாற்றியபோது எஞ்சின் ஒரு கணம் மூச்சை அடக்கி, மறுபடி பாட ஆரம்பித்தது. அக்கா கழுத்தை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு, பல்லுக்கு அளவெடுக்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு ஓட்டினாள். நான் அவளையே பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. அவ்வளவு வேகத்தில் யாராலும் எண்ண முடியாது. ஆனாலும் எண்ணுகிறவள் போலத்தான் இருந்தாள்.

முனையில் நிறுத்தினாள். அத்தான் குனிந்து, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டார். அவள் இன்னொரு முறை போகலாமா என்றுதான் கேட்டாள்.

மூன்று முறை போய் வந்தோம். அதற்கு மேல் அம்மா விடவில்லை.

ஷெட்டில் விட்ட பிறகு எஞ்சின் 'டிக், டிக்' என்று ஆறிக்கொண்டிருந்தது. அக்கா பானெட்டின் மேல் கையை வைத்திருந்தாள். காரை வாங்குகிறவர் வியாழக்கிழமை வந்து எடுத்துப்போகிறார் என்று அத்தான் நினைவுபடுத்தினார். தெரியும் என்றாள். அவரிடம் வெயிலில் நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, முதல் சூடு கண்ட எஞ்சினுக்கு மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது.

நாளை: எஞ்சின் முழுக்க ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டர் தலையின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி இறுக்க வேண்டும். சிலிண்டரை எண்ணுவது விசிறிப் பக்கத்திலிருந்து.